ஏகாதசிக்கு மூன்று நாள் சமையல்: முதல்முறை விரதம் இருப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஏகாதசி விரதம் இருக்கப்போகிறேன் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: அன்றைக்கு என்ன சாப்பிடலாம்? பதினேழு வயதில் நானும் பாட்டியிடம் அதையேதான் கேட்டேன்.

"அது கெடக்கட்டும். நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே?" என்று பாட்டி திருப்பிக் கேட்டாள்.

முந்தின இரவு கல்யாண வீட்டுச் சாப்பாடு. பூரி, குருமா, இரண்டு ஜாங்கிரி.

"அப்படின்னா இந்தத் தடவை வேண்டாம். அடுத்த ஏகாதசிக்கு இரு. தசமி அன்னிக்கே எங்கிட்ட வந்துடு."

அந்தப் பதினைந்து நாள் காத்திருப்பில் புரிந்தது இன்றும் மாறவில்லை. ஏகாதசி என்பது ஒருநாள் பட்டினி அன்று. தசமி மதியம் தொடங்கி துவாதசி இரவு முடிகிற மூன்று நாள் உணவு ஒழுங்கு. நடுநாளில் அடுப்புக்கு வேலையே குறைவு. முதல்நாள் வயிற்றைத் தயார் செய்வதிலும், மூன்றாம் நாள் பசித்த வயிற்றுக்கு எதை முதலில் கொடுப்பது என்பதிலும்தான் சமைப்பவரின் திறமை இருக்கிறது. ஆயுர்வேதம் விரதத்தைப் பார்க்கும் பார்வையும் இதுவே. சரக சம்ஹிதை உடம்பை இலேசாக்கும் வழிகளாகப் பத்தைச் சொல்கிறது. உபவாசம் அவற்றில் ஒன்று. எந்த வழியைக் கையாண்டாலும், அதன்பின் செரிக்கும் தீயை மெல்ல மெல்ல வளர்த்தெடுக்க வேண்டும் என்பது வைத்தியர்களின் கட்டளை.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள்

வளர்பிறையில் ஒன்று, தேய்பிறையில் ஒன்று என ஆண்டுக்கு 24 ஏகாதசிகள். அதிக மாதம் வரும் ஆண்டில் 26. ஸ்மார்த்தர்களுக்கும் வைஷ்ணவர்களுக்கும் சில சமயம் ஒருநாள் முன்பின்னாக வரும். உங்கள் வீட்டில் எந்தப் பஞ்சாங்கமோ அதையே பாருங்கள். ஏகாதசி நாளோடு, மறுநாள் விரதத்தை முடிக்கும் பாரணை நேரத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பலரும் வைகுண்ட ஏகாதசியில்தான் முதல் விரதத்தைத் தொடங்க ஆசைப்படுகிறார்கள். ஆசை நல்லதுதான், ஆனால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். அன்றைக்குப் பட்டினியோடு கண்விழிப்பும் சேர்ந்துகொள்ளும். பரமபத வாசல் திறப்பதைப் பார்க்க விடியற்காலைக் குளிரில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். இன்னொன்றும் உண்டு. முன்பனிக்காலத்தில் செரிக்கும் தீ மிக வலுவாக இருக்கும், அதற்கு உணவு கிடைக்காவிட்டால் உடம்பின் சாரத்தையே எரிக்கும் என்கிறது சரகம். மார்கழி விரதம் மற்ற மாதங்களைவிட அதிகமாகக் களைப்பூட்டுவதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம். ஐப்பசியிலோ கார்த்திகையிலோ சாதாரண ஏகாதசி ஒன்றிரண்டு இருந்து பழகுங்கள். வைகுண்ட ஏகாதசி வரும்போது உடம்புக்கு வழி தெரிந்திருக்கும்.

யார் இருக்கலாம், எந்த அளவுக்கு?

சாஸ்திரமே எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் எண்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கும்தான் இதை விதிக்கிறது. தண்ணீர், கிழங்கு, பழம், பால், நெய், மருந்து இவையெல்லாம் விரதத்தைக் கெடுக்காது என்றும் இடம் கொடுக்கிறது. பெரியவர்கள் கொடுத்த இந்தச் சலுகையை இளப்பமாக நினைக்க வேண்டியதில்லை. முடியாதவர்களையும் மனத்தில் வைத்துச் சொன்ன கனிவு அது.

இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி இருக்கவே கூடாது. மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டு சாப்பாட்டை மட்டும் விட்டால் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கிவிடும். கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் வழக்கமான நேரத்தில் எளிய உணவு சாப்பிட்டுவிட்டு, அன்றைய நாமஜபத்தையோ பாராயணத்தையோ விரதமாகக் கொள்ளட்டும்.

விரதத்தில் நான்கு படிகள் உண்டு. தண்ணீரும் இல்லாமல் இருப்பது முதல்படி. துளசி தீர்த்தத்தோடு நிறுத்திக்கொள்வது இரண்டாவது. பாலும் பழமும் மூன்றாவது. ஒருவேளை மட்டும் பலகாரம் நான்காவது. 'பலகாரம்' என்ற சொல்லே 'பல ஆகாரம்', அதாவது பழ உணவு என்பதிலிருந்து வந்ததுதான். பிறகு அது வடை, பஜ்ஜி வரை நீண்டுவிட்டது. புதியவர்கள் நான்காவது படியில் ஆரம்பித்து, இரண்டு மூன்று ஏகாதசிக்குப் பிறகு மூன்றாவதுக்குப் போகலாம். முதல்நாளே தண்ணீரையும் விடுகிறேன் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள்.

தசமி: பாதி விரதம் இங்கேதான்

தசமி அன்று ஒருவேளைச் சாப்பாடு என்பது பழைய விதி. அந்த ஒருவேளை மதியமாக இருக்கட்டும். சுலபமாகச் செரிப்பதாகவும், மலச்சிக்கல் வராதபடி நீர்ச்சத்துள்ளதாகவும் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் தசமிக்கு நிரந்தரமாக ஒன்று: பாசிப்பருப்பு போட்ட புடலங்காய்க் கூட்டு, குழைய வடித்த சாதம், ஒரு கரண்டி நெய், சீரக ரசம், கடைசியில் நீர்மோர். புடலங்காய் கிடைக்காவிட்டால் சுரைக்காய், பூசணி, பீர்க்கை எதுவும் சரி. கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, கொண்டைக்கடலை, ஊறுகாய் வேண்டாம். "நாளைக்குத்தான் சாப்பாடே இல்லையே" என்று இரண்டு பங்கு சாப்பிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. செரிக்காத உணவோடு விரதத்துக்குள் போனால் மறுநாள் முழுக்க ஏப்பமும் தலைபாரமும்தான் மிஞ்சும்.

இரவு பசித்தால் ஒரு டம்ளர் பால், அல்லது நன்றாகக் கனிந்த வாழைப்பழம் ஒன்று. தயிர் வேண்டாம், இரவில் தயிர் கூடாது என்று ஆயுர்வேதம் எல்லா நாளைக்குமே சொல்கிறது.

காபி குடிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏகாதசி மதியம் வரும் தலைவலியைப் பசியின் தலைவலி என்று நினைத்து விரதத்தைப் பாதியில் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அது காபியை நிறுத்திய தலைவலி. வழக்கமாகக் குடிப்பவருக்குக் கடைசிக் காபியிலிருந்து 12 முதல் 24 மணி நேரத்துக்குள் அது தொடங்கிவிடும். மூன்று நான்கு நாளுக்கு முன்பிருந்தே டிகாக்‌ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, தசமி காலை அரை டம்ளரோடு நிறுத்துங்கள்.

தசமி மாலையே அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய், எலுமிச்சை எல்லாம் வாங்கி வைத்துவிடுங்கள். துவாதசி அதிகாலையில் எந்தக் கடையும் திறந்திருக்காது. துவாதசியில் துளசி பறிக்கும் வழக்கமும் இல்லை, அதையும் முன்பே எடுத்து வைக்க வேண்டும்.

ஏகாதசி: பகலை நகர்த்துவது

காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளர். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சீரகம் போட்டுக் கொதிக்கவைத்து இறக்கி, பிளாஸ்கில் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள். பகல் முழுக்க வாய் வாயாகக் குடிக்கலாம். குளிர்ந்த தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தால் வெறும் வயிறு இழுத்துப் பிடிக்கும்.

பசி முதலில் வருவது நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தில். காலை எட்டரைக்கு இட்லி சாப்பிடுபவருக்கு எட்டரைக்கு வயிறு கேட்கும். அது பழக்கத்தின் பசி. பெரும்பாலும் அரைமணியில் அடங்கிவிடும். பிற்பகல் மூன்று மணி வாக்கில் வருவது வேறு. அதில் கைகால் இலேசாகத் தளரும், வாயில் நீர் ஊறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உட்கார்ந்து கவனித்துப் பாருங்கள். பதினோரு மணி வரை இளநீரையோ பானகத்தையோ தொடாமல் இருந்தால்தான் இந்த வித்தியாசம் பிடிபடும்.

பானகத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, அரைத் தேக்கரண்டி சுக்குப்பொடி, கால் தேக்கரண்டி ஏலப்பொடி, ஒரு சிட்டிகை இந்துப்பு, அரை மூடி எலுமிச்சைச் சாறு சேருங்கள். ஆறு டம்ளர் வரும். ஒருவருக்கு ஒரு டம்ளர் போதும்.

பால் குடிப்பதானால் பானகம் குடித்து இரண்டு மணி நேரமாவது போகட்டும். பாலோடு புளிப்புப் பழங்களும் உப்பும் சேர்வதை ஆயுர்வேதம் விருத்தம், அதாவது ஒன்றுக்கொன்று பகையான சேர்க்கை என்கிறது. ஆரஞ்சு, அன்னாசி, திராட்சை எல்லாம் நறுக்கிப் பால் ஊற்றித் தரும் 'விரத ஃப்ரூட் சாலட்' அந்தப் பகைக்கு நல்ல உதாரணம். அன்றைக்கு அதைத் தவிருங்கள். ஒரு டம்ளர் பாலில் அரை டம்ளர் தண்ணீரும் சிட்டிகை சுக்கும் சேர்த்து, தண்ணீர் சுண்டும் வரை காய்ச்சி, பனங்கற்கண்டு போட்டுக் குடித்தால் போதும். தேன் போடுவதானால் பால் நன்றாக ஆறிய பிறகுதான். தேனைச் சூடாக்கக் கூடாது.

ஒருவேளைப் பலகாரம்

ஜவ்வரிசி வடை, உருளைக்கிழங்கு வறுவல், நேந்திரம் சிப்ஸ் எல்லாம் இப்போது விரத உணவாகிவிட்டன. ஜவ்வரிசி மரவள்ளிக்கிழங்கிலிருந்து எடுக்கப்படுகிறது. மரவள்ளியும் உருளையும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. பழைய விரத நூல்களுக்கு அவை தெரியாது. புதிதாக வந்தது என்பதற்காக எதையும் ஒதுக்க வேண்டியதில்லை. எண்ணெயில் பொரித்து வெறும் வயிற்றில் போடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். தானியம் இல்லை என்ற விதி காப்பாற்றப்படுகிறது, வயிற்றுக்கு ஓய்வு என்ற நோக்கம் போய்விடுகிறது.

சில வீடுகளில் சோறு மட்டும் கூடாது, கோதுமை ரவை உப்புமா செய்யலாம் என்று வைத்திருக்கிறார்கள். வீட்டு வழக்கம் அதுவானால் செய்யுங்கள். தானியமே வேண்டாம் என்பவர்களுக்குச் சாமை, தினை, குதிரைவாலி எல்லாமே தானியம்தான். அவர்களுக்கு ஒரு கிழங்குப் பலகாரம், இருவருக்கான அளவில்:

சர்க்கரைவள்ளிக்கிழங்கு 300 கிராம். தோலோடு ஆவியில் வேகவைத்து, ஆறியதும் உரித்துத் துண்டு போடுங்கள். தண்ணீரில் போட்டு வேகவைத்தால் சொதசொதவென்று ஆகிவிடும். இரண்டு தேக்கரண்டி நெய்யில் ஒரு தேக்கரண்டி சீரகத்தைப் பொரித்து, இடித்த மிளகு கால் தேக்கரண்டி, ஒரு துண்டு துருவிய இஞ்சி, கறிவேப்பிலை போட்டு, கிழங்கைச் சேர்த்து ஒரே ஒரு புரட்டு. இந்துப்பு திட்டமாக. அடுப்பை அணைத்தபின் மூன்று மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல். மாலை நான்கு மணிக்குள் சாப்பிட்டுவிட்டால் இரவு வயிறு இலேசாக இருக்கும்.

உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

உபவாசம் சரியாக நடந்ததற்கு அடையாளமாகச் சரகம் சொல்பவை மிகத் துல்லியமானவை. உடம்பு இலேசாகும், ஏப்பம் சுத்தமாக வரும், தொண்டையும் வாயும் தெளியும், சோம்பல் போகும், பசியும் தாகமும் ஒன்றாகத் தோன்றும். எல்லை மீறிவிட்டால் மூட்டுவலி, உடம்புவலி, வாய் வறட்சி, தலைசுற்றல் வரும், பசியே மங்கிப்போகும். இரண்டாவது பட்டியலில் ஒன்று தென்பட்டாலும் உடனே உட்கார்ந்து பானகமோ பழமோ சாப்பிடுங்கள். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பார்வை மங்கினால் விரதம் அத்தோடு முடிந்தது. சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

துவாதசி: பாரணைச் சமையல்

பாரணை என்பது விரதத்தை முடிக்கும் முதல் உணவு. சூரிய உதயத்துக்குப் பிறகு, துவாதசித் திதி முடிவதற்குள் செய்ய வேண்டும். துவாதசியின் முதல் கால் பகுதியைத் தவிர்ப்பதும் வழக்கம். சில துவாதசிகளில் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. பாகவதத்தில் அம்பரீஷ மன்னன் அகப்பட்டுக்கொண்டது இந்த நெருக்கடியில்தான். அழைத்த விருந்தாளி துர்வாசர் நதியிலிருந்து திரும்பவில்லை, துவாதசியோ முடியப்போகிறது. கடைசியில் அவன் வெறும் தண்ணீரைப் பருகிப் பாரணையை முடித்தான். நேரம் குறைவான நாளில் துளசி தீர்த்தம் அருந்திவிட்டுச் சமையலை நிதானமாக முடிக்கலாம் என்பதை இந்தக் கதையிலிருந்தே நான் எடுத்துக்கொண்டேன்.

அகத்தி, நெல்லி, சுண்டை. தமிழ்நாட்டு வைஷ்ணவ வீடுகளில் இந்த மூன்றும் இல்லாத துவாதசி இல்லை. புளி அன்றைக்கு அடுப்பங்கரைக்குள் வராது. ஒருநாள் பட்டினியில் பித்தம் ஏறியிருக்கும். கசப்பும் துவர்ப்பும் பித்தத்தைத் தணிக்கும் சுவைகள், புளிப்பும் காரமும் அதைக் கிளப்புபவை. நெல்லிக்காய் மட்டும் விதிவிலக்கு. புளிப்பாக இருந்தும் குளிர்ச்சியானது. உப்பைத் தவிர மற்ற ஐந்து சுவையும் கொண்டது என்று ஆயுர்வேதம் தனியாகக் கொண்டாடும் காய் அது. இந்த மூன்றையும் பாரணைக்குத் தேர்ந்தெடுத்தவர்கள் வைத்தியமும் அறிந்தவர்கள் என்றே நான் நம்புகிறேன்.

நான்கு பேருக்கான அளவுகள்:

*அகத்திக்கீரைப் பொரியல்.* ஒரு கட்டுக் கீரையை இலை இலையாக உருவி, நரம்பையும் காம்பையும் நீக்குங்கள். இதைப் பொறுமையாகச் செய்யாவிட்டால் வாயில் நார் சிக்கும். அலசிவிட்டு மிகப் பொடியாக நறுக்குங்கள். இரண்டு மேசைக்கரண்டி பாசிப்பருப்பை மலர வேகவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். வாணலியில் ஒரு டம்ளர் தண்ணீர் கொதித்ததும் கீரையைப் போட்டு, மூடாமல் பதினைந்து நிமிடம் வேகவிடுங்கள். மூடினால் நிறம் கறுத்துவிடும். கசக்கிறதே என்று வெந்த தண்ணீரைப் பிழிந்து கொட்டாதீர்கள், அது அடுப்பிலேயே வற்றட்டும். கடுகு, உளுத்தம்பருப்பு, ஒரே ஒரு மிளகாய் வற்றல் தாளித்து, பருப்பும் உப்பும் சுண்டைக்காயளவு வெல்லமும் சேர்த்து, நான்கு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலோடு இறக்குங்கள். தட்டில் ஒரு கைப்பிடிதான் இதன் அளவு. அதிகம் சாப்பிட்டால் வாயு. சித்த மருந்தோ ஆயுர்வேத மருந்தோ உட்கொள்பவர்கள் அகத்தியைத் தவிர்க்க வேண்டும். மருந்தின் வீரியத்தை அது முறிக்கும் என்பது மரபு. அவர்களுக்கு மற்ற இரண்டும் போதும்.

*நெல்லிக்காய்ப் பச்சடி.* பெரிய நெல்லிக்காய் நான்கு. கொட்டை நீக்கி, மூன்று மேசைக்கரண்டி தேங்காய், அரைத் தேக்கரண்டி சீரகம், ஒரு பச்சை மிளகாயோடு அரைத்து, புளிக்காத தயிர் ஒரு கிண்ணத்தில் கலந்து, கடுகு தாளித்தால் முடிந்தது. தயிர் பிரையானது முந்தின இரவுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய தயிரின் புளிப்பு இதன் குளிர்ச்சியைக் கெடுத்துவிடும்.

*சுண்டைக்காய்.* பச்சைக்காய் கிடைத்தால் அம்மியிலோ கரண்டிக் காம்பிலோ தட்டி உடனே தண்ணீரில் போடுங்கள், விதை பாதி உதிர்ந்து கசப்பு மட்டுப்படும். பிறகு நல்லெண்ணெயில் பொன்னிறமாக வதக்கலாம். வற்றல் என்றால் நெய்யில் பொரித்து முதல் கவளச் சாதத்தில் பிசைந்துகொள்ளலாம். மோரும் உப்பும் ஊறிய வற்றல் என்பதால் சாதத்துக்கு வேறு உப்பு வேண்டாம்.

*சாதமும் ரசமும்.* ஒரு டம்ளர் பழைய பச்சரிசிக்கு நான்கு டம்ளர் தண்ணீர் வைத்துக் குழைய விடுங்கள். நீண்ட சிகிச்சைக்குப் பிறகு கஞ்சித் தண்ணீர், நீர்த்த கஞ்சி, கெட்டிக் கஞ்சி, பருப்புத் தண்ணீர் என்று படிப்படியாக உணவுக்குத் திரும்புவது ஆயுர்வேத முறை. ஒருநாள் விரதத்துக்கு அத்தனையும் தேவையில்லை. ஆனால் முதல் சாதம் குழைந்திருக்க வேண்டும் என்பதை விட்டுவிடாதீர்கள். ரசத்துக்குக் கால் டம்ளர் பாசிப்பருப்பைக் குழைத்து நிறையத் தண்ணீர் விட்டு, மஞ்சள்தூள், பெருங்காயம், பொடித்த சீரகம், கொஞ்சம் மிளகு சேர்த்து நுரைத்ததும் இறக்கி, எலுமிச்சை பிழியுங்கள். மார்கழி, தை துவாதசிகளில் நெய்யைத் தாராளமாக விடுங்கள், அப்போதைய பசிக்கு அது தேவை.

இலைக்கு முன்னால்

பசித்த கை வேகமாகப் போகும். அதற்குத்தான் வரிசை. துளசி தீர்த்தம், பிறகு கொஞ்சம் நெல்லி, கொஞ்சம் அகத்தி, அதன்பின் சுண்டைக்காய் பிசைந்த நெய்ச் சாதம், ரசம், மோர். கசப்பை வாயில் வைத்துக்கொண்டு யாரும் அவசரமாக விழுங்க முடியாது. நாக்கு விழித்துக்கொள்ளும், வாய் ஊறும், அடுத்த கவளம் தானே நிதானப்படும்.

சூடாக, நெய்ப்பசையோடு, அளவாக, முந்தின உணவு செரித்தபின், மிக வேகமும் மிக மந்தமும் இல்லாமல், பேச்சும் சிரிப்பும் இன்றி, உணவிலேயே மனம் வைத்துச் சாப்பிட வேண்டும் என்று சரகம் விதிக்கிறது. திருக்குறளின் மருந்து அதிகாரத்திலும் பெரும்பகுதி உண்ணும் அளவைப் பற்றித்தான். அளவுக்கு ஆயுர்வேத ஆசிரியர் வாக்படர் ஒரு கணக்குத் தருகிறார்: வயிற்றில் இரண்டு பங்கு உணவு, ஒரு பங்கு நீர், ஒரு பங்கு காற்றுக்கு. நடைமுறையில், மோர்ச்சாதம் வந்ததும் "இன்னும் கொஞ்சம் போடட்டுமா" என்ற கேள்விக்குக் கையைக் குறுக்கே வைக்க வேண்டும். மோர்ச்சாதம் வரைக்குமாவது கைபேசி வேறு அறையில் இருக்கட்டும், தொலைக்காட்சி அணைந்திருக்கட்டும்.

பாரணைக்குப் பிறகு

சாப்பிட்டதும் கண்ணைச் சுழற்றிக்கொண்டு தூக்கம் வரும். துவாதசியில் பகல் தூக்கம் கூடாது என்பது விரத விதி. பகல் தூக்கம் கபத்தை ஏற்றும் என்று ஆயுர்வேதமும் பெரும்பாலான பருவங்களில் அதைத் தடுக்கிறது. கொஞ்சம் நடங்கள். விரத நாளுக்கு ஈடுகட்டுவதுபோல் மாலையில் ஹோட்டல் பக்கம் போகாதீர்கள். அன்று இரவும் இலேசான உணவுதான், பசித்தால் ஒரு டம்ளர் பால் அல்லது நெற்பொரிக் கஞ்சி. வழக்கமான சாம்பாரும் புளிக்குழம்பும் திரயோதசி மதியம் திரும்பட்டும்.

அகத்தியின் காம்பையும் முற்றிய இலையையும் குப்பையில் போடாதீர்கள். துவாதசிக்கு மாட்டுக்கு அகத்தி கொடுப்பது வழக்கம். பாட்டி அந்தக் கட்டைத் திண்ணை ஓரமாக வைத்துவிட்டுப் பால்காரரின் பசுவுக்காகக் காத்திருப்பாள். அது தின்று முடித்த பிறகுதான் அவள் இலை போட்டு உட்காருவாள்.